தொட்டியில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று, பேனா செய்வதற்காக, ஊற்றினால் கட்டையாக இறுகும் ரெசின் என்ற செயற்கைப் பிசினைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பிளாஸ்டிக் குவளை முதலில் வெதுவெதுவென்று இருந்தது. அடுத்த நிமிடம் டீ டம்ளரைப் பிடித்திருப்பது போல் ஆயிற்று. அதற்கடுத்த நிமிடம் பிடிக்கவே முடியவில்லை. கீழே வைத்தேன். குவளையின் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. உள்ளே இருந்த நீலம் கருகிய பச்சையாகிப் புகைந்தது. 200 கிராம், அதாவது நான்கு பேனாவுக்கான சரக்கு. திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா மூக்கைச் சுளித்தபடி உள்ளே வந்து, குவளையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "உச்சி வெயிலில் யாராவது சாயம் காய்ச்சுவார்களா, கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா சாயக்காரர். முப்பத்தைந்து ஆண்டுகள் நூலுக்குச் சாயம் போட்டவர். பட்டறையை மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்த சிமெண்ட் தொட்டிகளில் ஒன்றில் அம்மா கறிவேப்பிலை வளர்க்கிறாள். மற்றொன்றின்மேல் பலகை போட்டு நான் ரெசின் வார்க்கிறேன். வார்ப்பது என்றால் எங்கள் வீட்டில் அதுவரை தோசை மட்டும்தான்.

நான் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவள். கணக்கெல்லாம் கணினிக்குப் போய்விட்டது என்றாலும், என் மேசையில் ஒரு நீள நோட்டும் மைப்பேனாவும் இன்னும் உண்டு. முதலில் வாங்கியது ஒரு கறுப்பு எபோனைட் பேனா. ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து, சூடேற்றி, மரம்போல் இறுக வைத்தால் வருவது எபோனைட். 1930களில் காந்தியின் சுதேசிப் பேச்சுக்குக் காது கொடுத்து ராஜமுந்திரியில் ரத்னம் கடைந்த பேனாக்கள் தொடங்கி, நம் நாட்டில் கையால் கடைந்த பேனா என்றால் பெரும்பாலும் அந்தப் பொருள்தான். எழுத அருமையாக இருந்தது. பார்வைக்குத்தான், சாயக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு, கறுப்பு போதவில்லை. கட்டில் காலும் பம்பரமும் கடைந்துகொண்டிருந்த ஒரு மரக் கடைசல் பட்டறையிலிருந்து பழைய சிறு லேத் ஒன்று விலைக்கு வந்தது. அப்படித்தான் இதில் காலை விட்டேன்.

கடைவதற்கு முன்னால் கடைய ஒரு கட்டை வேண்டும். ஏறக்குறைய முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். அதன் நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, உளியால் சீவிக்கொண்டே போனால் பேனாவின் உடல் கிடைக்கும். கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு சீவலாகக் குப்பைக்குப் போய்விடும். இதை முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், கணக்குப்பிள்ளையான நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

ரெசினில் முதலில் கைக்குக் கிடைத்தது பாலியஸ்டர். தண்ணீர்த் தொட்டிக்கும் பஸ்ஸின் முகப்புக்கும் ஃபைபர் வேலை செய்கிறவர்கள் வாங்குவது. விலை மலிவு. அதை இறுக வைக்கக் கோபால்ட் என்று ஒரு ஊதா நிறத் திரவம், கேட்டலிஸ்ட் என்று தண்ணீர்போல் ஒரு திரவம். கடைக்காரர் இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில் போட்டு, "ஒரு மூடி, அரை மூடி ஊற்றுங்கள்" என்று கொடுத்தனுப்பினார். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்ட பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேராக ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பை என் ஸ்கூட்டரில் வந்த தூரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. தவிர, அந்த நெடி மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை. கடையும்போது கட்டை சில்லுச்சில்லாகத் தெறித்தது. விட்டுவிட்டேன்.

பாலியூரித்தேன் ஒரு முறை வரவழைத்தேன். அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும். ஐப்பசி மழை நாளில் ஊற்றினேன். அச்சுக்குள் ஆப்பம்போல் உப்பி எழுந்தது. அப்படியாக மூன்றாவது வகை ரெசினான எபாக்ஸிக்கு வந்து சேர்ந்தேன்.

எபாக்ஸியோடு முதல் சண்டை எடையில். பாட்டிலில் ரெசின் இரண்டுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்று என்று போட்டிருந்தது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வெள்ளி நிறுக்க வாங்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கி, கிராமின் நூறில் ஒரு பங்குவரை பார்த்து, 100 கிராமுக்கு 50 கிராம் என்று கச்சிதமாக நிறுத்தேன். கட்டை ஒரு வாரம் ஆகியும் ரப்பர்போல் வளைந்தது. பாட்டில் சொன்னது கொள்ளளவை. ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்தது. ஆகவே எடைக் கணக்கில் 100க்கு 42 அல்லது 43தான் வரும். நான் ஹார்டனரை அள்ளிக் கொட்டியிருக்கிறேன். எவ்வளவு நுணுக்கமான தராசாக இருந்தும் என்ன, படியில் அளக்க வேண்டியதை நிறுத்தால் இப்படித்தான்.

அடுத்தது சூடு. ரெசினும் ஹார்டனரும் சேரும்போது தாமாகவே சூட்டைக் கிளப்பும். சூடு கிளம்பினால் வினை இன்னும் வேகமாகும். வேகமானால் இன்னும் சூடு. ஒரு குவளையில் மொத்தமாக நின்றால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அதே கலவையைத் தட்டில் பரப்பி வைத்தால் சாவகாசமாக இறுகும். பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் கையில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும். பாட்டிலில் 40 நிமிடம் என்று எழுதியவர் 25 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். சேலத்துச் சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரையின் கீழ், அந்த 40 நிமிடம் பதினைந்துகூடத் தேறாது.

இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் பெரியம்மா வீடு இருக்கிறது. மலை 1,500 மீட்டர் உயரம், குளிர் இலவசம். மார்கழியில் பாட்டில்களையும் அச்சுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்த மூட்டையை அணைத்துக்கொண்டே போனதில், பக்கத்து இருக்கைக்காரர் உள்ளே குழந்தை என்று நினைத்திருக்க வேண்டும். அன்றிரவு பெரியம்மாவின் காப்பி களத்தை ஒட்டிய அறையில் ஊற்றினேன். குளிரில் ரெசின் தேன்போல் தடித்திருந்தது. கலக்கும்போது புகுந்த காற்று மேலே வரவே மறுத்தது. விடியற்காலையில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கட்டைகளின்மேல் எண்ணெய்க் கை பட்டதுபோல் ஒரு வெண்படலம். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற ரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விட்ட படலம் அது. வெந்நீரும் சோப்பும் போட்டால் போய்விடும். ஆனால் போகும்வரை என் முகம் எப்படி இருந்தது என்று பெரியம்மா இன்றும் நடித்துக் காட்டுவாள்.

இப்போது வைகாசிவரை விடிகாலை ஐந்து மணிக்கு வார்க்கிறேன், எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே. அப்பா சாயம் காய்ச்சிய நேரமும் அதுதான். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

குமிழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றை வெளியேற்ற முயல்வதைவிட நசுக்கிவிடுவது எளிது. பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் அழுத்தத் தொட்டிக்குள் அச்சை வைத்து, கம்ப்ரஸரால் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தம் ஏற்றி, முழுதாக இறுகும்வரை அப்படியே விட வேண்டும். வெளிக்காற்றைச் சேர்த்தால் நான்கு மடங்கு அழுத்தம். குமிழி கால் பங்காகச் சுருங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடும். பாதியில் திறந்தால் அத்தனையும் திரும்பி வரும். அம்மாவின் குக்கரில் செய்தால் என்ன என்று அப்பா கேட்டார். குக்கர் தாங்குவது 15 பவுண்டு. அதற்குமேல் அம்மா தாங்க மாட்டாள்.

இனி நிறம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

கடையில் விற்கும் மினுக்குப் பொடிகள் பெரும்பாலும் அப்பிரகம். சின்ன வயதில் மணலில் மின்னுவதைக் காக்காப்பொன் என்று பொறுக்குவோமே, அதே சாதி. அதை மெல்லிய தகடுகளாக்கி, மேலே டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசியிருப்பார்கள். பூச்சு எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து நீலமாகவோ பொன்னாகவோ ஒளி திரும்பும். இந்தத் தகடுகள் ரெசின் ஓடும் திசையில் படுத்துக்கொள்ளும். அதனால்தான் கட்டையைத் திருப்பும்போது பட்டுப்புடவை மடிப்புப்போல் ஒளி நகர்கிறது. இரண்டு நிறங்களைப் பின்னிவிட வேண்டுமானால் பொறுத்திருக்க வேண்டும். தண்ணீராக இருக்கும்போதே ஊற்றினால் எல்லாம் கலந்து, எவ்வளவு அழகான நிறங்களாக இருந்தாலும், சேற்று நிறம்தான் மிஞ்சும். குச்சியைத் தூக்கினால் சர்க்கரைப் பாகுபோல் கம்பி இழுக்கும் பதம் வரவேண்டும். அப்போது ஊற்றினால் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், கலக்காது. அந்தப் பதம் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும்.

பொடி நிறங்கள் விரைவில் அலுத்துவிட்டன. எல்லாம் மினுமினுக்கின்றன, கல்யாண மண்டப வாசல்போல. எனக்கு மினுக்காத நீலம் வேண்டியிருந்தது. பரணில் அப்பாவின் பழைய சாய டின்கள் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் கேட்காமலே ஒன்றைத் திறந்தேன். ரியாக்டிவ் சாயம், கிளிப்பச்சை. ரெசினில் போட்டுக் கால்மணி நேரம் கலக்கினேன். சாயம் கரையவில்லை. கட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், வெந்தயக்கீரை தூவிய களிபோல்.

அப்பா கட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். "இது தண்ணீருக்கு என்றே செய்த சாயம். தண்ணீர் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்?" என்றார். பிறகு அவரே பரணில் ஏறி, துருப்பிடித்த வேறொரு டின்னை இறக்கினார். ஆர்.எஸ்.என். நீலம். வாட் சாயம்.

வாட் சாயங்களின் சங்கதி வேறு. அவை தண்ணீரில் கரையவே கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும் போட்டுக் காய்ச்சினால் உருமாறிக் கரையும். நூலுக்குள் புகுந்தபின் காற்றுப்பட்டுப் பழைய உருவுக்குத் திரும்பி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துவைத்தாலும் வெளுக்காததற்கு அதுதான் காரணம். அவுரியும் இந்த இனமே: தொட்டியில் மஞ்சள் கலந்த பச்சை, கொடியில் நீலம். ஆர்.எஸ்.என். நீலத்தின் வேதிப்பெயர் இண்டாந்த்ரோன். 1901இல் ஜெர்மனியில் ரெனே போன் கண்டது. இதே பொருளை நுண்ணிய தூளாக அரைத்து, நிறமியாகக் கார் பெயிண்டிலும் ஓவியர்களின் வண்ணக்குழாயிலும் சேர்க்கிறார்கள். கரையாமல் இருப்பது நூலுக்குக் குறை. ரெசினுக்கு அதுவே வசதி. அப்பாவுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. "கரையாத தூள்தானே உனக்கு வேண்டும்" என்றார், அவ்வளவுதான்.

டின்னிலிருந்து எடுத்ததை அப்படியே போட்டால் கட்டி தட்டும். ஒரு சிட்டிகையை வெயிலில் காயவைத்து, கண்ணாடிப் பலகையில் ஹார்டனர் சேர்க்காத ரெசின் நான்கு சொட்டு விட்டு, தட்டைக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். அரைமணி நேரம். நறநறவென்ற சத்தம் மெல்ல அடங்கி, பிறகு வெண்ணெய்போல் வழுக்கிற்று. அந்த மையில் கடுகளவு எடுத்துக் குவளையில் போட்டதும் ஒரு நீலம் எழுந்தது. மழைக்கு முந்திய அந்தியில் சேர்வராயன் மலை தெரியுமே, அந்த நீலம். கொஞ்சம் செம்மை ஒளித்து வைத்தது.

குவளையில் அப்படி. கடைந்து முடித்தபோது சாம்பல் பூத்த ஊதா. பித்தளையின் மஞ்சள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகை வந்தது.

அப்பா பட்டறையில் தொட்டியைப் பார்த்து ஒருநாளும் நிறம் சொன்னதில்லை. ஒரு சிட்டத்திலிருந்து இரண்டு இழை உருவி, பிழிந்து, ஊதிக் காயவைத்து, மாதிரி நூலோடு சேர்த்து முறுக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை. தொட்டியில் நின்று நிறம் பார்க்கிறவனிடம் நூலைக் கொடுக்காதே என்பார். குவளையில் ரெசின் இரண்டு அங்குல ஆழம். பேனாவின் சுவரோ கடைந்தபின் இரண்டரை மில்லிமீட்டர். ஒளி அவ்வளவு தூரம்தான் உள்ளே போகிறது; போய்ப் பித்தளையில் மோதித் திரும்பி வருகிறது. குவளையில் நான் பார்த்தது வேறு பொருள்.

அதற்குப்பின் ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் அந்தச் சுவரின் கனத்துக்கு விட்டு, அடியில் வெள்ளைத்தாள், கறுப்புத்தாள், பித்தளைத் தகடு மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒரே நீலம் வெள்ளைக்குமேல் வானம், கறுப்புக்குமேல் நள்ளிரவு, பித்தளைக்குமேல் நோய் கண்ட முகம். குழாயை ஒட்டுமுன் துளையின் உட்சுவரிலும் குழாயின்மேலும் வண்ணம் பூசுவது இதற்காகத்தான். பூசுவது யாருக்கும் தெரியாது. பேனாவைக் கையில் வாங்கிப் புகழ்கிறவர்கள் பாதி அந்த உட்பூச்சைத்தான் புகழ்கிறார்கள்.

வெள்ளைக்காகப் பட்ட பாடு தனி. வெண்பட்டு நெய்கிற ஊர். சுரங்கத்திலேயே வெள்ளைக்கல் கிடைக்கிற ஊர். டால்மியா போர்டுப் பக்கம் சாலையோரம் கிடந்த ஒரு துண்டை எடுத்து வந்து, இடித்து, துணியில் சலித்தேன். உலைக்கல் செய்யப் போகிற மேக்னசைட். கையில் விபூதிபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரெசினில் போட்டதும் காணாமல் போயிற்று. இன்னும் போட்டேன், கஞ்சித் தண்ணீர் நிறம் வந்தது. வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிகிறதே, அதே கதை. ஒரு தூள் வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், சுற்றியுள்ளதைவிட அது ஒளியை நன்றாக அதிகம் வளைக்க வேண்டும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, எபாக்ஸிக்கு 1.55 அளவு, மேக்னசைட் 1.5க்கும் 1.7க்கும் இடையே. காற்றில் வெள்ளை, ரெசினில் தண்ணீர். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5க்கு மேல். பெயிண்ட் கடையில் அதைக் கால் கிலோ வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது. உள்ளூர்க் கல்லில் வெள்ளைப் பேனா செய்து பெருமையடிக்கும் ஆசையும் தீர்ந்தது.

பெரியம்மா வீட்டிலிருந்து உருப்படியாக வந்தது மரம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்கும் சில்வர் ஓக்கைக் கவாத்து செய்தபோது விழுந்த துண்டுகள். நடுவிலிருந்து பட்டையை நோக்கி நீளவாக்கில் அறுத்தால் மீன் செதில்போல் ரேகைகள் மின்னும். அதில் பாதி மரம், பாதி ரெசினாக வார்க்கிறேன். மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் ரெசின் சூடாகும்போது குமிழியாக மூச்சு விடும். ஆகவே சின்ன அவனில் 105 டிகிரியில் வைத்து, எடுத்து நிறுத்து, மறுபடி வைத்து, இனி எடை குறையாது என்கிறவரை காயவைக்க வேண்டும். வெள்ளித் தராசு கடைசியில் இதற்குப் பயன்பட்டது.

கடைசலில் எனக்குப் பிடித்த கணம் ஒன்று உண்டு. உளி கூராக இருந்து, பிடிக்கும் கோணமும் சரியாக அமைந்தால், சீவல் தூளாக உதிராமல் முழ நீளத்துக்கு இழையாக வரும். ராட்டையில் நூல் ஏறுவதுபோல் லேத்தைச் சுற்றிக்கொள்ளும். முகமூடிக்குள் சிரித்துக்கொள்வேன். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்து 1,500ஆம் நம்பரில் தொடங்கி 12,000ஆம் நம்பர் வரை தேய்க்கும் சலிப்பான வேலை. அந்த நீலத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. திருமணிமுத்தாறு அந்தந்த நாள் சாய நிறத்தில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதில் எங்கள் வீட்டுப் பங்கும் இருந்தது. தெளியவைத்து, வடிகட்டி, வண்டலைக் காயவைத்து எடுக்கிறேன். மிச்ச ரெசினையும் குவளையிலேயே இறுகவிட்டுத்தான் போடுவேன். அப்பா இதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆர்.எஸ்.என். நீலத்தில் வெள்ளை உட்பூச்சோடு இரண்டாவதாகச் செய்த பேனாவைப் போன வாரம் அவரிடம் கொடுத்தேன். எழுதிப் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கக்கூட இல்லை. எழுந்து வாசலுக்குப் போனார். நிழலில் ஒரு முறை பார்த்தார். படியிறங்கி வெயிலில் ஒரு முறை பார்த்தார். வேட்டி நுனியால் துடைத்து மறுபடி பார்த்தார்.

"உள்ளே சுத்த வெள்ளையா பூசினாய்?"

"ஆமாம்பா."

"துளி மஞ்சள் சேர்த்திருக்கலாம். நீலம் குளிர்ந்து கிடக்கிறது."

சொல்லிவிட்டுப் பரணுக்கு ஏணி வைக்கச் சொன்னார். இறங்கியபோது கையில் இன்னொரு டின் இருந்தது. லேபிளை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே கறுப்பாக ஒரு தூள். என்ன நிறம் என்று கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. விரல் நுனியில் எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், கண்ணாடிப் பலகையைக் கொண்டுவரச் சொன்னார்.